ஏரிக்கரைச் சுண்ணாம்பு

இறுக மூடிய ஜாடிக்குள் யாரோ தண்ணீர் விழுங்குகிற சத்தம் கேட்டது.

குமிழிதான் என்று தினகரன் தன்னைத் தேற்றிக்கொண்டான். பகலில் உத்திரமேரூர் நெல் மண்டியில் எடை போடுகிறவன்; வீட்டுக்கு வந்துவிட்டால் ரசாயனப் பைத்தியம். அதைச் சகித்துக்கொண்டு குடித்தனம் நடத்துகிற திவ்யாவுக்குக் கோயிலே கட்டலாம். மென்தால் எனும் புதினா உப்பை ஸ்பிரிட்டில் கரைத்து ஊசி ஊசியாகப் படிகம் வளர்க்க மாதக்கணக்காக மெனக்கெட்டான். ஒவ்வொரு முறையும் எண்ணெய்ப் பிசுக்குதான் மிஞ்சியது. ஸ்பிரிட்டில் ஒளிந்திருக்கும் துளித் தண்ணீர் செய்கிற வேலை. அதை உறிஞ்சச் சுட்ட சுண்ணாம்பு வேண்டும். கடையில் கிடைத்ததோ நமத்துப்போனது. அதனால் மழைக்கு முன்பே, வற்றிய ஏரிக்கரையில் நத்தை ஓடு பொறுக்கிவந்து, கரி அடுப்பில் சிவக்கச் சிவக்கச் சுட்டு, ஸ்பிரிட் ஜாடிக்குள் போட்டு வைத்தான்.

அதில் கொஞ்சம் வடித்துக் கரைத்ததில் இந்த முறை படிகம் அபாரம். கண்ணாடித் தட்டு முழுக்க வெள்ளை ஊசிகள். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆனால் சத்தம் நிற்கவில்லை. கூரை ஓட்டிலிருந்து சொட்டுகிற மழை, வாசலில் புரண்டு ஓடுகிற மழை, ஏரிப்பக்கத்துத் தவளைக் கூச்சல், அத்தனைக்கும் அடியில் அந்த விழுங்கல், அவசரமே இல்லாமல், ஒரு மடக்குக்குப் பின் ஒரு மடக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"இன்னாங்க," திவ்யாவின் குரல் கரகரத்தது. "காலைல ரொப்பின கொடம் காலியா கீது. நீங்களா ஊத்தினீங்க?"

"நான் தொடவேயில்ல."

"எவ்ளோ குடிச்சாலும் தொண்ட காய்து." கதவோரம் வந்து நின்றாள். உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஜாடியையே பார்த்தாள். "ஓடு எங்க பொறுக்கினீங்க?"

"கரைலதான், சுடுகாட்டாண்ட. வெள்ளையா கெடந்ததெல்லாம் அள்ளிக்கினு வந்தேன்."

அவள் முகம் மாறியது. "எரிச்ச எலும்புக்குப் பால் ஊத்தி, தண்ணி ஊத்தி, குளிர வெச்சிட்டுப் போவாங்க. அத்தப் போயி மறுபடி சுட்டீங்களா?"

பதிலுக்குக் காத்திராமல், சுவரைப் பிடித்துக்கொண்டே படுக்கப் போனாள்.

தினகரன் ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். ஸ்பிரிட் ஒரு சொட்டு இல்லை. நத்தை ஓட்டுக்குச் சுழி இருக்கும். இதில் பாதிக்குச் சுழி இல்லை. ஒன்றில் பல் இருந்தது.

குளிர வைக்க வேண்டும். அவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. அடுப்படிக்கு ஓடிப் பாலைக் கொண்டுவந்து ஜாடியில் ஊற்றினான். பால் பாதி வழியிலேயே தூளாகி உதிர்ந்தது. முற்றத்தில் சொம்பை நீட்டி மழையைப் பிடித்தான். படி ஏறுவதற்குள் சொம்பு காய்ந்திருந்தது.

ஜாடியில் சத்தம் நின்றது.

இப்போது படுக்கை அறையில் கேட்டது.

"திவ்யா."

ஓடினான். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தோளைத் தொட்டான். சருகு. திருப்பினான். காய்ந்த புடவை அளவுக்குக்கூடக் கனம் இல்லை.

கண்கள் திறந்திருந்தன. கண்ணீர் வரவேண்டிய இமையோரம் முழுக்க வெள்ளை ஊசிகள் முளைத்திருந்தன. அவன் பார்க்கப் பார்க்க நீண்டன. அவற்றுக்கு நடுவே கருவிழி மெல்ல அவன் பக்கம் திரும்பியது.