யார் வரைந்த பேய் எழுத்து?

“நாலு மணிக்கு அத்தான் போலீசுக்குப் போயிடுவார், சார். நான் திருடியாம்!”

துப்பறிவாளரின் மேஜைமேல் கணினியில் அச்செடுத்த ஒரு தாளை வைத்துவிட்டு அவள் நாற்காலியில் சரிந்தாள். தாளில் ஒவ்வோர் எழுத்தின் அடியிலிருந்தும் ரத்தம்போல் மை வழிந்திருந்தது. பொருட்காட்சிப் பேய் வீட்டின் பெயர்ப்பலகைக்காக எட்டு மாதம் வீட்டில் உயிரைக் கொடுத்து வரைந்த எழுத்துரு அது. ஸ்கேன் செய்தது மட்டும் அக்கா கணவரின் அலுவலகத்தில். அவளுக்கு வேலையும் அங்கேதான். இப்போது கோப்பு அவர் கணினியில், அவர் பெயரில் இருந்தது.

“கையால வரைஞ்ச மூலத் தாள் எங்கே?” என்று துள்ளினார் உதவியாளர். ஊரே அவரை அவசரக்குடுக்கை என்றுதான் கூப்பிடும்.

“வைக்க இடமில்லைன்னு கிழிச்சுப் போட்டுட்டேன்.” அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “எங்க அக்காவே நம்பல. ‘அவர் சோத்தைத் தின்னுட்டு அவர்மேலயே பழி போடுறியா’ங்கிறா.”

“அப்போ கேஸ் காலி!”

துப்பறிவாளர் அவரைக் கண்டுகொள்ளவில்லை. “எதுல வச்சு வரைஞ்சீங்கம்மா?”

“இரும்பு அலமாரிக் கதவுல ஒட்டி. நிமிர்ந்து நின்னாத்தானே மை தானா வழியும்?”

அவளுடைய ஒற்றை அறையில் அலமாரியின் இடது கால் தேய்ந்து குட்டையாகியிருந்தது. சாவி கட்டிய நூலைக் கதவின்மேல் தொங்கவிட்டு, கதவு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று துப்பறிவாளர் நிதானமாக அளந்தார். மணி மூன்றைத் தாண்டிவிட்டது. இந்த மனிதருக்கு என்ன விளையாட்டு என்று அவள் கடிகாரத்தையே பார்த்தாள்.

மூன்றரைக்கு அத்தானின் அலுவலகத்தில் பேய் வீட்டு முதலாளி எழுத்துருவை வாங்கும் ஒப்பந்தத்தோடு உட்கார்ந்திருந்தார். அக்கா தங்கையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

“பிரமாதமான எழுத்து. எப்படி வரைஞ்சீங்க?” என்றார் துப்பறிவாளர்.

அத்தானுக்கு உச்சி குளிர்ந்தது. “இதோ, இந்த மேஜையிலதான். தாளைப் பரப்பி, நிஜ மையையே வழிய விட்டேன்.”

“படுக்க வச்ச தாள்ல மை தேங்கும். வழியாதே?”

“வரையற பலகையை... நிமிர்த்தி வச்சேன்.”

“நேரா?”

“நேராத்தான்!”

“அப்போ மை நேரா இறங்கியிருக்கணும். இங்கே எல்லாக் கோடும் இடப்பக்கம் மூணு டிகிரி சாயுது. வழிஞ்ச மாதிரிக் கையால வரைஞ்சிருந்தா ஒண்ணுக்கொண்ணு மாறியிருக்கும். தாள்தான் சாய்ஞ்ச இடத்துல இருந்திருக்கு. இவங்க அலமாரியும் இடப்பக்கம்தான் சாய்ஞ்சிருக்கு. அதுவும் மூணு டிகிரி.”

முதலாளி ஒப்பந்தத்தில் இருந்த அத்தானின் பெயரைக் கோடு போட்டு அடித்தார்.

அவளுக்கு அழுகைதான் வந்தது. அக்கா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள்.

“ஏண்டி, என்கிட்ட ஒரு வார்த்தை விவரமா சொல்லியிருக்கக் கூடாதா?”

“உன்கிட்டதான்க்கா முதல்ல வந்தேன்,” என்றாள் அவள். “நீ கதவைச் சாத்திட்ட.”