குடையைக் கண்டால் நிற்கும் மெஷின்

மழை என்ன, சொல்லிக்கொண்டா வருகிறது... கண்ணில் பட்ட முதல் தகரக் கூரையின் கீழே ஓடி நின்றாள் அவள். குடை கையில்தான் இருந்தது. காற்று அதைப் பின்பக்கமாக மடித்துவிட்டிருந்தது.

உள்ளே மூன்று மெஷின்கள் தடதடத்துக்கொண்டிருந்தன. பாத்திரங்களுக்கு மூடி அடிக்கும் பட்டறை. அதன் முதலாளி கையைத் துடைத்தபடி வந்து என்னவோ கேட்டான். அவளுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. அவன் ஓடிப்போய் மூன்றையும் நிறுத்திவிட்டு வந்தான்.

"உள்ள வந்து நில்லுங்க, நனையிறீங்கன்னேன்."

இதைச் சொல்லவா நிறுத்தினான்? நிமிர்ந்தாள். புருவத்தில் இரும்புத் தூசி, அதற்குக் கீழே சிரிக்கிற கண்கள்... வந்த வேலை ஒரு கணம் மறந்தே போனது.

நினைவு வந்தபோது சங்கடமாக இருந்தது. அவள் நகரத் தொழில் அலுவலகத்தின் ஆய்வாளர். தொழிலும் வளர வேண்டும், பக்கத்து வீட்டுக் குழந்தையும் தூங்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் இடிபடுகிற உத்தியோகம். புகார் வந்த பட்டறை இதுவேதான். சத்தம் வரம்பைத் தாண்டினால் ஊருக்கு வெளியே தொழிற்பேட்டைக்குப் போக வேண்டும். மறுத்தால் பூட்டு.

"மெஷினை ஓட்டுங்க, சத்தத்தை அளக்கணும்," என்று கருவியை எடுத்தாள்.

"இந்த மழையிலயா? தகரத்துல விழற சத்தத்தையும் சேர்த்து என் தலையில கட்டவா?"

நியாயம்தான். இன்னொரு நாள் வந்தாள். கால் மணி நேரம் நிற்காமல் ஓடினால்தான் அளவு செல்லும். ஆனால் அவள் "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று வாயைத் திறந்தாலே அவன் மெஷினை நிறுத்திவிட்டு, "என்ன சொன்னீங்க?" என்று வந்து நின்றான். அடுத்த முறை, தெருமுனையில் குடை தெரிந்ததுமே பட்டறை அமைதியானது.

"வேணும்னே நிறுத்தறான்மா. உன்னை நல்லா ஏமாத்தறான்," என்றார் மேலதிகாரி.

சுருக்கென்றது. அப்படியானால் அந்தச் சிரிப்பும் பொய்தானா... நேரே போய்க் கேட்டாள்.

"சத்தத்தை மறைச்சுத் தப்பிச்சுடலாம்னு பாக்கறீங்களா?"

அவன் முகம் இருண்டது. மூன்று மெஷினையும் ஓட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவள் இடையில் ஏதோ சொல்ல வந்தாள். அவன் திரும்பவே இல்லை. கருவியில் எண் ஏறிக்கொண்டே போனது.

"தாண்டிடுச்சு. எழுதிக்கோங்க," என்று கடைசியில் மெஷின்களை அணைத்துவிட்டுச் சொன்னவன், உள்ளே போய்விட்டான்.

மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்த அவன் அக்கா மெல்ல எழுந்து வந்தாள்.

"ஏமாத்தறவன் இப்படித் தானே தலையைக் குடுப்பானாம்மா? உன் குரல் கேக்கணும்னுதான் நிறுத்தினான். நான் தொண்டை கிழியக் கத்துவேன், எனக்காக ஒரு நாள் நிறுத்தினதில்ல."

வெளியே அப்போதுதான் மழை பிடித்தது. குடையை விரிக்கத் தோன்றாமல் நனைந்துகொண்டே போனாள் அவள். அழுவது யாருக்கும் தெரியாமல் போனதற்கு மழைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

பிறகு எல்லாவற்றுக்கும் வேறொரு ஆய்வாளர்தான் வந்தார். தொழிற்பேட்டையில் பெரிய கொட்டகை கிடைத்தது, ஆட்கள் வந்துபோகப் பேருந்தும் விட்டார்கள். பட்டறை பிழைத்தது. அவன் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு மழை நாளில் அந்தக் குடை வந்தது. வழக்கம்போல் சுவிட்சுக்கு ஓடினான். அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஓடட்டும். இங்க யார் தூக்கமும் கெடாது."

கேட்க வேண்டுமானால் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். நின்றான்.

"வேற ஆளை அனுப்பிட்டீங்களே... என் மேல அவ்வளவு கோவமா?"

"சொந்தக்காரங்க பட்டறையை நாங்க ஆய்வு பண்ணக் கூடாது. ஆபீஸ் விதி."

"நமக்குள்ள என்ன சொந்தம்?"

"மேலதிகாரியும் அதைத்தான் கேட்டாரு..." அவள் குடைப்பிடியைப் பார்த்தாள். "இனிமேதான் ஆகணும்னு சொன்னேன்."

மெஷின்கள் தடதடத்தன. அவன் காதைச் சாய்த்தான்.

"சத்தத்துல கேக்கல. இன்னொரு தடவை சொல்லுங்க."

பொய். அத்தனையும் கேட்டிருந்தது. அது தெரிந்தும் அவள் இன்னும் கொஞ்சம் நெருங்கி, இன்னொரு தடவை சொன்னாள்.