ஹிஸ்கெயின் சுவர்க் கட்டில்

பின்னறைச் சுவர் சுட்டது.

பெரிய சூடு இல்லை. காய்ச்சல்காரியின் நெற்றியில் புறங்கையை வைத்தால் எப்படி இருக்குமோ, அப்படி. ஈரக் கோட்டை ஆணியில் மாட்டப் போன ரென்ஸ்கெ, விரல் முட்டி பட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். அந்தச் சுவருக்குப் பின்னால் அடுப்பு கிடையாது, வெந்நீர்க் குழாய் கிடையாது. அந்தப் பக்கம் இருப்பது பழைய மாட்டுக்கொட்டில்தான். பசுக்களை விற்றே பல வருஷம் ஆகிறது. நவம்பர் மாதக் கடற்காற்று அணைக்கரையைத் தாண்டி வந்து, ஓட்டு இடுக்குகளில் புகுந்து, உள்ளே கிடக்கிற வாளித் தண்ணீரைக்கூட உறைய வைத்துவிடும்.

மறுபடி உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சூடு சுவர் முழுக்க இல்லை. இடுப்பு உயரத்தில் தொடங்கி, ஓர் ஆள் காலை மடக்கிப் படுக்கிற நீளத்துக்குப் போய் நின்றுவிட்டது. சுவர்க் காகிதத்தின் மங்கிய ரோஜாக்களிலிருந்து புளித்த பாலும் நனைந்த வைக்கோலும் கலந்த ஒரு வாடை வந்தது.

அன்று காலையில்தான் மிச்சிகனிலிருந்து டெரில் டைகெமா மின்னஞ்சல் அனுப்பியிருந்தான். டிக்கெட் எடுத்தாயிற்று, அடுத்த வியாழன் வருகிறேன் என்று.

ரென்ஸ்கெக்கு வம்சம் தேடிக் கொடுப்பதுதான் தொழில். நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்திலிருந்து கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். அவள் திருமணப் பதிவு, ஞானஸ்நானப் பதிவு, கப்பல் பட்டியல் என்று தேடி வேர் பிடித்துக் கொடுப்பாள். டெரிலின் வம்சம் சுலபமாகவே கிடைத்தது. ஹார்மென் டைகெமா, பண்ணைக்காரன். மனைவி ஹிஸ்கெ. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால், காலரா ஊரை வாரிக்கொண்டு போன கோடையில் ஹிஸ்கெ இறந்தாள். அதே மாதம் ஹார்மென் வீட்டு வேலைக்காரி ட்ரெய்னோடு கப்பலேறினான். கரை இறங்கிய வாரமே தேவாலயத்தில் அவளைக் கட்டிக்கொண்டான். டெரில் அவர்கள் வழி வந்தவன்.

இதெல்லாம் அவள் வழக்கமாகப் பார்க்கிற கதைதான். ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை லேவார்டன் ஆவணக் காப்பகத்துக்குப் போனபோது, வோப்கெ வேறு ஒரு பதிவேட்டுக் கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். முப்பது வருஷமாக அங்கே இருப்பவர். தூசியும் கேலியும் அவருக்கு ஒன்றாகப் படிந்துவிட்டன.

"உன் அமெரிக்காக்காரனோட பாட்டனுக்கு மூத்த பெண்டாட்டி பெரிய கெட்டிக்காரி, ரென்ஸ்கெ. செத்ததுக்கு அப்புறமும் வேலை செஞ்சிருக்கா."

"என்ன வேலை?"

"பிள்ளை பெத்திருக்கா."

ரென்ஸ்கெ சிரித்தாள். வோப்கெ சிரிக்கவில்லை.

"தேதியைப் பாரு. ஹிஸ்கெ செத்துட்டான்னு புருஷன் வந்து சொல்லியிருக்கான், மேயர் கையெழுத்துப் போட்டிருக்கார். மூணாம் நாள் அதே ஹிஸ்கெக்குப் பெண் குழந்தை. பதிவு பண்ணினது பேறுகாலம் பாக்கிற அம்மா."

"எழுதினவன் தூக்கத்துல எழுதியிருப்பான்."

"ஓரத்துல பொடியா ஒண்ணு எழுதியிருக்கே, அதைப் படி."

அவள் குனிந்து படித்தாள். *பூட்டிக் கிடந்த வீட்டில் அழுகுரல் கேட்டுத் திறந்தோம். சுவர்க் கட்டிலின் கதவு வெளியே தாழிடப்பட்டிருந்தது. தாய் இறந்து அதிக நேரம் ஆகவில்லை.*

அந்தக் காலப் பண்ணை வீடுகளில் கட்டில் சுவருக்குள்தான் இருக்கும். அலமாரி மாதிரி இரண்டு கதவு. குளிருக்குச் சாத்திக்கொண்டு, நீட்டிப் படுக்க இடமில்லாமல், தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். நிறைமாதக்காரியை, காய்ச்சலோடு, அதற்குள் வைத்துத் தாழ் போட்டுவிட்டு ஒருவன் கப்பலேறியிருக்கிறான்.

"குழந்தை பேரு என்ன போட்டிருக்கு?" என்றார் வோப்கெ. "எனக்குக் கண்ணாடி சரியில்லை."

அன்ட்யெ. அதற்குக் கீழே, வீட்டையும் நிலத்தையும் ஊர்சபை அந்தக் குழந்தையின் பெயருக்கே எழுதி வைத்த குறிப்பு. அவசரமான கையெழுத்து. பிணத்தைப் பார்க்காமலே போட்ட முதல் கையெழுத்துக்கு மேயர் கொடுத்த விலை.

அன்ட்யெ ரென்ஸ்கெயின் கொள்ளுப்பாட்டி. பேறுகாலம் பார்க்கிற ஒருத்தி வளர்த்த பிள்ளை என்பது மட்டும்தான் வீட்டில் தெரியும். அந்த வீட்டில்தான் ரென்ஸ்கெ இப்போது குடியிருக்கிறாள்.

வியாழக்கிழமை மத்தியானம் டெரில் வந்து இறங்கினான். நாற்பது வயது, வாசலை அடைக்கிற தோள், தாத்தாவிடம் கற்ற பழங்காலத்து டச்சு. மழையோடு உள்ளே வந்து உத்தரத்தை அண்ணாந்து பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

"இங்கதானே ஹார்மென் இருந்தாரு? என்னால நம்பவே முடியல. எங்க ஹால்ல அவர் படம் ஆள் உயரத்துக்கு மாட்டியிருக்கோம்."

ரென்ஸ்கெ காப்பியும் சர்க்கரை ரொட்டியும் வைத்தாள். அவன் ரொட்டியில் வெண்ணெயை அப்பித் தின்றான். தின்று முடிக்கட்டும் என்று காத்திருந்து, எல்லாவற்றையும் சொன்னாள். தாழ், அழுகுரல், அன்ட்யெ.

டெரில் விரலில் ஒட்டியிருந்த சர்க்கரையை நக்கினான். அதிர்ச்சி அடைந்தவன் போல அவன் இல்லை.

"அப்போ நீங்க எனக்கு அக்கா முறை" என்றான். "பாருங்களேன்."

"நான் சொன்னது கேட்டுதா?"

"கேட்டுது. தெரியாதுன்னு சொன்னா பொய். எங்க வீட்டுல ஒரு சொல் உண்டு. கிறிஸ்துமஸ் விருந்துல கிளாஸைத் தூக்கிச் சொல்லுவோம். *கதவைச் சாத்தினவன் கரை சேர்ந்தான்.* சின்ன வயசுல எனக்கு அர்த்தம் புரியல." தோளைக் குலுக்கினான். "நோய் வந்தவளைத் தூக்கிட்டுப் போனா கப்பல்ல யாரையும் ஏத்தியிருக்க மாட்டாங்க. அவர் அப்படிச் செஞ்சதாலதான் நாங்க முந்நூறு பேர் இருக்கோம். பழசைக் கிளறி என்னக்கா ஆகப்போகுது?"

விருந்தில் கிளாஸைத் தூக்கி. முந்நூறு பேர். ரென்ஸ்கெ கோப்பைகளை அடுக்கினாள்.

"பிரயாணக் களைப்பு. கொஞ்சம் படுக்கட்டுமா?" என்றான்.

முன்னறையில் விரித்த கட்டில் தயாராக இருந்தது. "பின்னறையில படுங்க" என்றாள். "அங்கதான் கதகதப்பா இருக்கும்."

நாலு மணிக்கெல்லாம் வெளிச்சம் வடியத் தொடங்கியது. பட்டாணி சூப்புக்காக அடுக்களையில் உட்கார்ந்து கேரட் சீவிக்கொண்டிருந்தாள். அணைக்கரைக்கு அப்பால் கடல் உறுமுவதும், ஜன்னல் சட்டம் கிடுகிடுப்பதும், பின்னறையிலிருந்து டெரிலின் குறட்டை ரம்பம் போல ஏறி இறங்குவதும் கேட்டபடி இருந்தன. குறட்டையோடு இன்னொரு மூச்சும் இருந்தது. முதலில் காற்று என்று நினைத்தாள். அது அவன் மூச்சை விடும்போது இழுத்தது. அவன் இழுக்கும்போது விட்டது. மெலிந்த, ஈரமான, அவசரப்படாத மூச்சு.

குறட்டை நின்றது.

பிறகு காகிதம் கிழிகிற சத்தம். மேலிருந்து கீழாக, ஒரே இழுவையாக, காயத்தில் ஒட்டிய துணியை உரிப்பது போல. மரம் மரத்தில் உரசியது. ஏதோ கனமானது இழுபட்டது. மரத்துண்டு ஒன்று திரும்பி விழுந்தது. டொக்.

கத்தியைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா?" டெரிலின் குரல், தூக்கக் கலக்கத்தில், பாதிச் சிரிப்போடு. "லைட் ஸ்விட்ச் எங்க இருக்கு?"

அவள் எழுந்து போனாள். பின்னறைக் கட்டில் காலியாக இருந்தது. போர்வை தரையில் கிடந்தது. சுவரில் ரோஜாக் காகிதம் நாக்கு மாதிரித் தொங்க, அதன் பின்னால் நீலச் சாயம் வெடித்த இரண்டு குறுகலான கதவுகள். நடுவில் ஒரு மரத்தாழ். போட்டிருந்தது. வெளிப்பக்கம்.

"அக்கா, விளையாட்டு போதும். திறங்க. காலை நீட்டக்கூட முடியல."

"தனியாவா இருக்கீங்க?"

உள்ளே ஒரு கை எதையோ தடவிப் பார்க்கிற சத்தம்.

"இல்ல" என்றான் மிக மெதுவாக. "பக்கத்துல யாரோ படுத்திருக்காங்க."

கதவு உள்ளிருந்து இடிபட்டது. பழங்காலத் தாழ் அது, தளர்ந்திருந்தது. ஒவ்வோர் இடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. இன்னும் ஓர் இடி, திறந்துவிடும். ரென்ஸ்கெ கை நீட்டினாள்.

நீட்டிய கை தாழைத் திறக்கவில்லை. பழைய இடத்துக்கே தள்ளிப் பிடித்துக்கொண்டது.

கொஞ்ச நேரம். அவளுக்காக. இருட்டில் தனியாகப் பிள்ளை பெற்றவளுக்காக, கொஞ்சமே கொஞ்ச நேரம்.

"அக்கா, நீங்க அங்க நிக்கிறது தெரியுது. மூச்சு கேக்குது. திறங்க."

"எதுக்கு? கதவைச் சாத்தினவன்தானே கரை சேர்ந்தான்?"

"எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க அக்கா…"

அவள் இரண்டு கைகளாலும் அழுத்தினாள். பற்களைக் கடித்திருந்தாள். இவ்வளவு சந்தோஷத்தை அவள் தன் வாழ்நாளில் அறிந்ததில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

டெரிலின் குரல் இப்போது அவளை நோக்கி இல்லை. "நான் இல்லை… அது நான் இல்லை… என் பேரு டெரில்…" கால்கள் பலகையை உதைத்தன. வேகமாக. பிறகு வேகமில்லாமல். நகங்கள் கொஞ்ச தூரம் சுரண்டின.

நின்றது.

என்ன செய்துவிட்டோம்?

தாழைத் திருப்பினாள். விரல்கள் வழுக்கின. திருப்பினாள். கதவுகள் தாமாக விரிந்தன.

டெரில் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அந்தப் பெரிய தோள்கள் சிறுவனுடையவை போலச் சுருங்கியிருந்தன. தோல் எலும்போடு ஒட்டி, உதடு பற்களை விட்டு விலகி, எத்தனையோ வருஷம் முன்பே உலர்ந்துபோனவன் போல. அவன் மார்பில், கணவன் மேல் சாய்கிறவளைப் போல, ஈர வியர்வையில் முடி ஒட்டிய ஒரு தலை. வயிறு பெரிதாக, உயிரோடு அசைந்தது.

"ஹிஸ்கெ" என்றாள் ரென்ஸ்கெ. "நான் அன்ட்யெயோட…"

தலை திரும்பியது. கண்கள் அவள் முகத்துக்கு வரவில்லை. கதவைத் திறக்காமல் தாழைப் பிடித்திருந்த கையில் வந்து நின்றன. அந்தக் கையை, விரல் விரலாக, நெடுநேரம் பார்த்தன.

பிறகு ஹிஸ்கெ சுவரோரம் மெல்ல நகர்ந்து படுத்தாள். தனக்கும் டெரிலுக்கும் நடுவில் ரென்ஸ்கெக்கு இடம் விட்டாள். போர்வையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

தூக்கிய கை இறங்கவே இல்லை.