கெடாத பால்

பால் கெடவில்லை.

தீபாவளிக்கு நிபோங் திபாலிலுள்ள மாமியார் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டின் கதவைத் தேன்மொழி திறந்ததும், அழுகல் வாடைதான் முதலில் வந்தது. மறந்துவிட்டுப் போன வாழைப்பழங்கள் சமையலறையில் கறுத்து நீர்விட்டுக் கிடந்தன. அவற்றின்மேல் சிறு ஈக்கள் எழுந்து எழுந்து உட்கார்ந்தன. குழந்தையின் அறையில் மட்டும் எந்த வாடையும் இல்லை. சன்னல் மூடியிருந்தும், பகலெல்லாம் வெயில் அந்தச் சுவரில் அடித்திருந்தும், கிளம்பும் அன்று நிலானியின் படத்துக்கு முன்னால் வைத்த பால் டம்ளரில் வெள்ளையாக, ஏடுகூடக் கட்டாமல் இருந்தது. படத்திலிருந்த மல்லிகைச் சரம் வாடவில்லை.

முகர்ந்து பார்த்தாள். விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தாள். மெல்லிய இனிப்பு. பெட்டிப் பாலின் இனிப்பு அல்ல.

இளஞ்சூடாக இருந்தது.

"தேனு, அம்மா குடுத்த முறுக்க எங்க வைக்க?" கூடத்திலிருந்து கணவன் வாசுவின் குரல். "சொல்லலைனா நானே தின்னு முடிச்சிருவேன்."

பாலைக் கழுவுத்தொட்டியில் ஊற்றினாள். அவனிடம் சொல்லவில்லை.

நிலானி போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள். ஒரு காய்ச்சல் வந்தது. இரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றார்கள். எந்த மருந்தும் கேட்கவில்லை. கிருமியைக் கொல்லும் பூச்சு தயாரிப்பதுதான் தேன்மொழியின் வேலை. கடலுக்கு அக்கரையில், ஜுருவில் ஒரு சிறிய தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில், அமிலத்தில் கரைத்த வெள்ளியில் வேப்பிலைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடுவாள். தண்ணீர் போலிருக்கும் கரைசல் மஞ்சளாகி, மெல்ல மெல்லத் தே ஓ என்னும் பால்விடாத தேநீரின் நிறத்துக்கு வரும். நிறம் மாறினால் துகள்கள் பிறந்துவிட்டன என்று பொருள். ஒரு மயிரிழையின் குறுக்கே ஆயிரக்கணக்கில் நிற்கக்கூடிய வெள்ளித் துகள்கள். அவற்றைத் தொட்ட கிருமி இரண்டாகப் பிரியாது, பெருகாது. அவள் கையால் செய்த பூச்சு எத்தனையோ மருத்துவமனைச் சுவர்களில் இருந்தது. அவள் வீட்டுச் சுவரில் இருக்கவில்லை.

புதைத்த குழந்தையின் வெள்ளியை வீட்டில் வைக்கக் கூடாது, தாய்தான் கடலில் விட வேண்டும் என்பது வாசு வீட்டு வழக்கம். தேன்மொழி சரி என்றாள். வேலைக்குப் போகும் பேருந்து பாலத்தின்மேல் கடலைக் கடக்கும்வரை கைப்பைக்குள் கையை விட்டு, நிலானியின் கொலுசைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விரல்கள் திறக்கவில்லை. பேருந்து மறுகரைக்குப் போய்விட்டது. விட்டாச்சா என்று வாசு கேட்டபோது ஆமாம் என்றாள்.

பிறகு ஒரு மதியம், எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், கொலுசை அமிலத்தில் போட்டாள். சிறிய முத்துகள் ஒவ்வொன்றாக நுரைத்துக் காணாமல் போயின. செம்புக் கலப்பால் கரைசல் நீலமானது. அதில் செப்புக் கம்பியை இறக்கியதும், வெள்ளி சாம்பல் நிறப் பூனைமயிர் போலக் கம்பியில் முளைத்தது. அதைக் கழுவி மறுபடி கரைத்து, வேப்பிலைச் சாற்றை விட்டுக் கலக்கினாள். கலக்கும்போது மனசுக்குள் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். எதுவும் கெடக் கூடாது. எதுவும் மாறக் கூடாது. இருக்கிறபடியே இருக்கட்டும்.

வெள்ளைப் பெயிண்டில் அதைச் சேர்த்து நிலானியின் அறைச் சுவர் நான்கிலும் பூசினாள். கம்பெனி பெயிண்ட் என்று வாசு நினைத்தான். அன்றிலிருந்து அந்த அறையில்தான் பாய் விரித்துப் படுத்தாள். வயிற்றில் இன்னொன்று வந்த பிறகும் அங்கேதான் படுத்தாள்.

மறுநாள் வேலையிடத்தில், கூடவே வேலை பார்க்கும் சல்மாவிடம், அறைக்குப் பெயிண்ட் அடித்ததையும் பால் கெடாததையும் மட்டும் சொன்னாள். மதியச் சாப்பாட்டு மீனில் முள்ளெடுத்துக்கொண்டிருந்த சல்மா சிரித்தாள்.

"நம்ம பெயிண்ட் அவ்ளோ நல்லா வேலை செய்யுதா? பாஸ் காதுல போடுங்கக்கா, போனஸாவது வரும் லா."

"விளையாடாத சல்மா."

"பின்ன என்னக்கா? சுவர்ல இருக்கிற வெள்ளி சுவரைத் தொட்டதைத்தானே கொல்லும்? மேசை மேல இருக்கிற பாலுக்கு எப்படிப் போகும்?" முள்ளை ஓரமாக வைத்தாள். "சரியா தூங்குறீங்களா? வயித்துப் பிள்ளைய வச்சுக்கிட்டு."

எப்படிப் போகும். தேன்மொழிக்கும் அதுதான் தெரியவில்லை.

தெரியாததைச் சோதித்துப் பார்ப்பதே அவள் பழக்கம். பச்சைப் பயறை ஊறவைத்து, ஈரத்துணியில் இரண்டு முடிச்சாகக் கட்டினாள். ஒன்றைச் சமையலறையிலும் மற்றொன்றை அந்த அறையிலும் வைத்தாள். சமையலறைப் பயறு துணியைத் துளைத்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாக வால் விட்டது. அறையில் இருந்தது முளைக்கவில்லை. அழுகவும் இல்லை. ஊறிய பயறு ஊறியபடி, பச்சையாக, பளபளப்பாக இருந்தது. ஒன்றை நகத்தால் பிளந்து பார்த்தாள். உள்ளே முளைக்குருத்து ஈரமாக, உயிரோடு, தலை குனிந்து காத்துக்கொண்டிருந்தது.

சாகவில்லை. வளரவும் இல்லை.

அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது.

அன்று மாலை மழை பிடித்தது. மாடி நடைபாதையில் யாரோ துணிகளை அள்ளிக்கொண்டு ஓடினார்கள்; தகரக் கூரைமேல் நீர் கொட்டியது; பாலத்து விளக்குகள் மழைக்குள் கரைந்துகொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்கு அடியில், நிலானியின் அறைச் சுவருக்குள்ளிருந்து, மிக மெல்லிய ஓர் ஒலி வந்தது.

ஜல்.

தரையை ஒட்டி. தவழ்கிற ஒரு குழந்தையின் கால் உயரத்தில்.

ஜல். ஜல்.

மூலை திரும்பி அடுத்த சுவருக்குப் போனது.

பயத்தைவிட முதலில் அழுகைதான் வந்தது. சுவரில் கன்னத்தை வைத்தாள். "நிலாக்குட்டி," என்றாள்.

ஒலி அவள் கன்னத்தருகே வந்து நின்றது.

மழை விடாத மறுநாள், கிளினிக்கில் டாக்டர் ஃபரா கருவியை வயிற்றில் நகர்த்தி நகர்த்தி, நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மலாயில் மெதுவாகச் சொன்னார். இதயம் நன்றாகத் துடிக்கிறது. ஆனால் கருவின் அளவு போன முறை பார்த்தபடியே இருக்கிறது. கொஞ்சம்கூட வளரவில்லை. இதயத் துடிப்பு இருந்தும் வளர்ச்சி இப்படி நின்றுபோய் அவர் பார்த்ததில்லை. பெரிய மருத்துவமனைக்கு எழுதித் தருகிறேன் என்றார்.

காடியை ஓட்டிய வாசு சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். தினமும் "முதலாளி எப்ப வர்றாரு, ஏர்கோன் போடணும்" என்று அவள் வயிற்றைப் பார்த்துக் கேட்பவன். சிவப்பு விளக்குச் சந்திப்பில் நின்றபோது மட்டும் சொன்னான்:

"மிசின் தப்பா காட்டியிருக்கும். இல்ல?"

"ம்."

"துடிக்குதுல்ல. அது போதும்."

கீழே அவன் காடிக்கு இடம் தேடிக்கொண்டிருந்தபோது அவள் முன்னால் மேலே போனாள். சமையலறைக் கத்தியை எடுத்தாள். அறைக்குள் மண்டியிட்டு, தரையை ஒட்டியிருந்த சுவரைச் சுரண்டத் தொடங்கினாள்.

வெள்ளைப் பூச்சு சிறகு சிறகாக விழுந்தது.

ஜல்.

சுரண்டச் சுரண்ட, ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு ஒலி. வலியில் காலை உதறுவது போல. அவள் அழுதாள். "மன்னிச்சுக்கடி. தம்பியோ தங்கச்சியோ, அதுவாவது வளரட்டும். விடுடி." சுரண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ துளிர்த்தது. பூனைமயிர். செப்புக் கம்பியில் முளைத்ததைப் போல. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீண்டது. அவள் மணிக்கட்டை நோக்கி வளைந்தது.

கத்தியைப் போட்டுவிட்டுப் பின்வாங்கினாள்.

ஒலி நின்றது.

மழை. நடைபாதையில் வாசுவின் காலடி. வேறொன்றும் இல்லை. போய்விட்டாள். போய்விட்டாள் என்று நினைத்ததும் நெஞ்சு காலியாகி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

ஜல்.

சுவரில் இல்லை.

வாசு வாசலில் நின்றான். உதிர்ந்த பூச்சைப் பார்த்தான், கத்தியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு தலையைச் சாய்த்தான். அவனுக்கும் கேட்டது. மெல்ல வந்து மண்டியிட்டு அவள் வயிற்றில் காதை வைத்தான்.

ஜல். ஜல்.

காதை எடுத்து அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"தேனு," என்றான். "கொலுச கடல்ல விட்டுட்டேன்னு சொன்னீல்ல?"

அவள் வயிற்றிலிருந்து சட்டையை விலக்கினாள். தொப்புளுக்குக் கீழே, விரலளவுகூட வளராத ஓர் உயிர் இருக்க வேண்டிய இடத்தில், தோல் உள்ளிருந்து மெதுவாகப் புடைத்தது. குதிகால். பிறகு ஐந்து விரல்கள். தவழும் வயதுக் குழந்தையின் பாதம். அதன் கணுக்காலைச் சுற்றி, வரிசையாக, சிறிய முத்துகளின் தடம்.

அந்தப் பாதம் இனி வளராது. கெடவும் கெடாது.

நிலானியின் படத்துக்கு முன்னால், காலையில் அவள் கழுவிக் கவிழ்த்த டம்ளர் நிமிர்ந்து பாலால் நிறைந்திருந்தது. ஒரு வருடத்துக்கு முன்பு வற்றிய மார்பிலிருந்து பால் கசிந்து அவள் சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது.

இளஞ்சூடாக.