பூங்கொத்துப் பாப்பா

முதலாளி காரிலிருந்து இறங்கி வந்தார். அவர் தலைக்கு மேலே குடையும் வந்தது. குடையைப் பிடிக்கிற ஆளைத்தான் காணவில்லை. முதலாளி கவனிக்கவில்லை, ஆள் இருந்தபோதே கவனித்தவரில்லை. மாடிப்படியில் நின்ற எடிட்டர் மட்டும் பார்த்தார். மானிட்டரை முறைத்து முறைத்துக் கண் கெட்டுவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டு, ஜன்னலில்லாத தன் அறைக்குள் புகுந்துகொண்டார்.

பிளாஸ்டிக் வாளி விற்கும் அந்தக் கம்பெனிக்கு வெள்ளிவிழாப் படம். படத்தில் வாளி எங்கும் வராது. மேகங்களுக்கு நடுவே முதலாளி தன்னந்தனியாக நடந்து வருவார். அதற்காக விழா வீடியோவில் அவரைச் சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராக வெட்டியெடுக்க வேண்டும். வெட்டிய இடத்தில் சாம்பலும் வெள்ளையுமாகச் சின்னச் சதுரங்கள் தெரியும்: இங்கே ஒன்றுமில்லை, பின்னால் இருப்பது தெரியும் என்று அர்த்தம். வெட்டியதை முழுப் படமாக வடித்தெடுக்க ரெண்டர் போடும்போது ‘டிரான்ஸ்பரன்ட்’ கட்டத்தில் டிக் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஓட்டையில் கறுப்பு அப்பிக்கொள்ளும். கற்றுக்குட்டிகள் செய்யும் தப்பு என்று எடிட்டர் பலமுறை சிரித்திருக்கிறார்.

குடைக்காரரை நேற்றே வெட்டியாயிற்று.

முதலாளி கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். “அந்தப் பூங்கொத்துப் பாப்பாவையும் தூக்கிடுங்க. எல்லார் கண்ணும் அது மேலயே போகுது. பழைய வீடியோவையும் அழிச்சிடுங்க. சரித்திரத்துக்கு ஒண்ணு போதும்.”

“சரிங்க சார்.”

பாப்பா எடிட்டரின் மகள். பூங்கொத்து கொடுக்க ஒரு குழந்தை வேண்டும் என்றதும், புது கவுன் வாங்கிப் போட்டுப் பெருமையாகக் கூட்டிவந்தவர் அவர்தான். அதைச் சொல்ல வாய் வரை வந்தது. சம்பளம் வாங்குகிற வாய், மூடிக்கொண்டது. ரிப்பன், பின்னல், நீட்டிய கை என்று ஓரம் பிசிறாமல் வெட்டினார். சதுரங்கள் தெரிந்தன. பழையதை அழித்தார். ரெண்டர் போட்டுவிட்டு டீ குடிக்க வெளியே வந்தார்.

தாழ்வாரத்தில் குடை சாயாமல் நின்றது. ஏசி சத்தத்துக்கு அடியில், மாடியேறி வந்தவர் மூச்சு வாங்குகிற சத்தம். பழகிய பீடி வாசனை. கைப்பிடியைச் சுற்றி, ஒரு கை இறுக்கிப் பிடித்த அளவுக்கு, சாம்பலும் வெள்ளையுமாகச் சதுரங்கள்.

“அண்ணே?” என்றார் எடிட்டர்.

குடை அவர் பக்கம் திரும்பியது.

ஃபோன் அடித்தது. மனைவி. “என்னங்க, பாப்பாவைக் காணோம். இங்கதான் உக்காந்து படம் வரைஞ்சிட்டிருந்தா. கூப்பிட்டா குரல் வருது, ஆளு இல்ல. பென்சில் மட்டும் ஓடுதுங்க...”

அறைக்குத் திரும்பி ஓடினார். ரெண்டர் முடிந்திருந்தது. பின்னோக்கிப் போக வழியில்லை. பழைய வீடியோ இல்லை. அவரே அழித்தது. மகள் இருந்த இடத்தில் ஓட்டைதான் மிச்சம். அதையும் அழகாக வெட்டியிருந்தார்.

திரையில் ஒரு கட்டம். அதில் ஒரு டிக்.

டிரான்ஸ்பரன்ட் ஆனதால்தானே தெரியவில்லை? எடுத்துவிட்டால் தெரிவாள். தெரிந்தே ஆகவேண்டும். டிக்கை எடுத்தார். மறுபடி ரெண்டர்.

பச்சைக் கோடு நகர்ந்தது. நின்றது. நகர்ந்தது. முடிந்தது.

“வந்துட்டா!” ஃபோனில் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். “இங்கயேதான் இருக்கா...” சிரிப்பு நின்றது. “என்னங்க.”

“சொல்லு.”

“லைட்டைப் போட்டேன். அவ மேல மட்டும் வெளிச்சம் விழ மாட்டேங்குது.”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. என்ன செய்தோம் என்று.

மனைவி வீடியோ காலுக்கு மாற்றி, கேமராவைத் திருப்பினாள். சாப்பாட்டு மேஜை. விளக்கு. கலர் பென்சில்கள். நாற்காலியில் ரிப்பன், பின்னல், கவுன், எல்லாம் ஓரம் பிசிறாமல், ஒரு சின்னக் கறுப்பு. முகம் இருக்க வேண்டிய இடத்திலும் கறுப்பு.

அது அப்பாவைப் பார்த்துக் கையசைத்தது.