எண்பது போதும்

சார்ஜர் ஒயர் மேஜைமேல் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. மூன்று விரல் அகலத்துக்கு வளையம் வளையமாகச் சுற்றி, நுனியை நடுவில் செருகி, பக்கத்திலேயே போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தது. அவள் சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்து அதைப் பார்த்தபடி நின்றாள். சார்ஜில் போட்டுவிட்டுத்தான் பாத்திரம் கழுவப் போனாள். ஒயரைச் சுருட்டி வைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. தரையில் கிடந்தால் கிடக்கட்டும் என்று விடுகிறவள், அதற்காகவே கல்யாணமான காலம் முழுக்கக் கணவரிடம் பேச்சு வாங்கியவள். போனைத் திருப்பினாள். எண்பது சதவீதம்.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். இன்னொருவர் உள்ளறையில் மூக்கில் டியூபோடு படுத்திருக்கும் அவளுடைய அப்பா. நுரையீரல் கெட்டுப்போனவர், கட்டிலைவிட்டு இறங்கவே மகளின் தோள் வேண்டும். கட்டிலடியில் ஆக்சிஜன் மெஷின் ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும். அந்த உறுமல் கேட்கிறவரை அப்பா இருக்கிறார் என்று அவளுக்கு ஒரு நிம்மதி.

போன் அவள் கணவருடையது. செத்துப்போனவர். ஒரு கம்பெனிக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தார். இருபதுக்குக் கீழே இறங்க விடக்கூடாது, எண்பதுக்கு மேலே ஏற்றக்கூடாது, அப்போதுதான் பேட்டரிக்கு ஆயுள் கெட்டி என்பார். நல்ல யோசனைதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அவருக்கு அது போனோடு நிற்கவில்லை. அவள் வாய்விட்டுச் சிரித்தால், போதும். இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டால், போதும். அசந்து தூங்கினால் தோளைத் தட்டி, "போதும், ரொம்பத் தூங்குனா உடம்பு கெட்டுடும்" என்று எழுப்பிவிடுவார். அவள் அப்பா வந்து தங்கினால் மறுநாளே பெட்டி வாசலுக்கு வந்துவிடும். அந்த மனிதரும் "மாப்பிள்ளை சொன்னா சரிதான்" என்று கையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். இப்படி எதையும் முழுசாக நிறையவிடாமல் காபந்து பண்ணியவர், ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடங்கு நாற்காலியிலேயே போய்ச் சேர்ந்தார். பேட்டரி மட்டும் புதுசு போல இருந்தது.

அழுது முடித்த கையோடு அவள் இரண்டு காரியம் செய்தாள். அப்பாவைக் கூட்டிவந்து உள்ளறையில் படுக்க வைத்தாள். அந்த போனை நூறு வரைக்கும் ஏற்றினாள். நூறைத் தொட்ட பிறகும் கழற்றாமல் நாள் முழுக்கச் சொருகியே வைத்தாள். இந்த பேட்டரி உப்பிச் சாகட்டும் என்று மனதார நினைத்தாள். அவரைப் பழிவாங்க அவளுக்குக் கிடைத்த வழி அது ஒன்றுதான்.

வெளியே மழை வலுத்து, பொழுது சாயும் முன்பே வீடு இருண்டுவிட்டது. அவள் உள்ளறை வாசலில் போய் நின்றாள்.

"அப்பா, யாராச்சும் வந்தாங்களா?"

"யாரு வரப்போறா?" அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "நீதானம்மா இப்ப வந்துட்டுப் போன?"

"நான் வரலையேப்பா."

"புறங்கைய என் கழுத்துல வச்சுப் பாத்தியே. சூடு இருக்கான்னு."

சார்ஜில் கிடக்கும் போனின் முதுகில் அப்படித்தான் புறங்கையை வைத்துப் பார்ப்பார் அவள் கணவர்.

திரும்பி வந்து ஒயரை உதறிப் பிரித்துச் சொருகினாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். ஜன்னல் கம்பியில் மழை தெறித்தது, மெஷின் உறுமியது, எங்கோ ஒரு குழாய் சொட்டியது. அப்பா இருமினார். ஒரே ஒரு தடவை தலையைத் திருப்பி உள்ளறையைப் பார்த்தாள். திரும்பியபோது ஒயர் சுருண்டிருந்தது, போன் கவிழ்ந்திருந்தது. கிடங்கிலிருந்து வரும்போதெல்லாம் அவர் சட்டையில் வீசும் அட்டைப்பெட்டித் தூசியின் நெடி அந்த இடத்தில் அடித்தது.

பயம் வந்திருக்க வேண்டும். வந்ததுதான். ஆனால் அதையும் மீறிக்கொண்டு வந்தது ஆத்திரம்.

"செத்தும் விடமாட்டீங்களா?" என்று காலி அறையைப் பார்த்துக் கத்தினாள். "நூறு ஏத்துவேன். என்ன பண்ணிடுவீங்க?"

போனைச் சொருகிய நிலையிலேயே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எண்பத்தொன்று. யாரும் பிடுங்கவில்லை. தொண்ணூறு. மழை கூரையில் கொட்டி மற்ற சத்தத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தது. அவள் இமைகூடக் கொட்டாமல் உட்கார்ந்திருந்தாள். நூறு. வாய்விட்டுச் சிரித்தாள், வயிறு வலிக்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். போதும் என்று யாரும் சொல்லவில்லை.

மழை சட்டென்று ஓய்ந்தது. வீடு அமைதியாக இருந்தது.

ரொம்ப அமைதியாக.

உறுமல் இல்லை.

போனைப் போட்டுவிட்டு ஓடினாள். உள்ளறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மின்சாரம் இருக்கிறது. மெஷினின் தடித்த ஒயர் சுவரிலிருந்து கழற்றப்பட்டு, வளையம் வளையமாக, ஸ்டூலின்மேல். கரண்ட் நின்றால் கத்த வேண்டிய மெஷின் கத்தவே இல்லை. அப்பாவின் உதடு கறுத்துக்கொண்டிருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்ட அவர் விரலில் மாட்டியிருந்த கிளிப்பில் சிவப்பு எண். எண்பத்தாறு.

பிளக்கைச் சொருகினாள். மெஷின் உறுமியது. எண்பத்தேழு. எண்பத்தெட்டு. அழுகையும் மூச்சுமாக, "ஒண்ணுமில்லப்பா, ஒண்ணுமில்ல" என்றாள்.

பிளக் அவள் கையில் அசைந்தது.

அழுத்திப் பிடித்தாள். அது அசைந்தது. வெடுக்கென்று இல்லை. அவசரமே இல்லாமல், பொறுமையாக, சுவரைவிட்டு வெளியே. தோளைக் கொடுத்து முட்டினாள். இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஒரு கையை எடுத்தால் அது வந்துவிடும். பக்கத்து வீட்டுக்குக் கேட்கட்டும் என்று அலறினாள். யாரும் வரவில்லை.

"அப்பா, டியூப விடாதீங்க. கெட்டியா பிடிச்சுக்கோங்க. அப்பா!"

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், கட்டிலின் கால்மாட்டைப் பார்த்தார். முகத்தில் அந்தப் பழைய மரியாதை வந்தது. மெல்லக் காலை மடக்கி இடம் கொடுத்தார்.

மெத்தையின் ஓரம் அமுங்கியது.

"சரிங்க," என்றார் அப்பா. "மாப்பிள்ளை சொன்னா சரிதான்."

டியூப் அவர் ஒரு காதிலிருந்து கழன்றது. பிறகு மறு காதிலிருந்து. மூக்கைவிட்டு விலகி, அவர் முகத்துக்கு மேலே, காற்றில், மூன்று விரல் அகலத்துக்குச் சுருளத் தொடங்கியது. கிளிப்பில் எண் இறங்கியது. எண்பதில் நின்றது. அவள் பிளக்கைப் பிடித்தபடி, நிற்காமல் உறுமும் மெஷினுக்குப் பக்கத்தில், மண்டியிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.