மூன்று மணி ஒத்திகை

தட்டுகள்தான் முதலில் அவளை உறுத்தின. சம்பளப் பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். சாப்பாட்டுக் கூடத்தில் கழுவிக் கவிழ்த்திருந்த ஈரத் தட்டுகளோ இருநூற்று நாற்பது. தையல் ஆலைகளில் ஆட்களை அடைத்துவைத்து வேலை வாங்குகிறார்களா என்று பார்த்துச் சொல்வது அவள் உத்தியோகம். கண்டதையெல்லாம் எண்ணுவதால் போன இடமெல்லாம் ‘எண்ணிக்கையக்கா’ என்றே பெயர். பட்டியல் பொய் சொல்லும், வயிறு சொல்லாது என்பாள்.

மூன்று மணிக்குத் தீ ஒத்திகை வைக்கும்படி மேலாளரிடம் சொன்னாள். எல்லோரும் முற்றத்தில் நிற்கும்போது காலிக் கட்டடத்தைத் துருவிப் பார்ப்பது அவள் வழக்கம். பத்து நிமிடம் முன்னதாகவே சைரன் அலறியது. மேலாளருக்கு என்ன அவசரமோ என்று சலித்துக்கொண்டாள்.

இரண்டாம் மாடியில் சூடு ஆறாத இயந்திரங்களின் எண்ணெய் வாடைக்கும், ஊசியிலேயே தொங்கிய பாதி தைத்த சட்டைக் கைகளுக்கும் நடுவே அவள் நடந்தபோது, சைரன் மூச்சு வாங்கும் ஒவ்வொரு இடைவெளியிலும், சுவரோரம் அடுக்கிய அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து யாரோ இருமலை விழுங்கும் சத்தம் கேட்டது. பெட்டிகளை நகர்த்தினாள். இடுப்பளவுக் கதவு. தட்டியதும் விரலளவு திறந்தது.

“சைரன் அடிச்சா மூச்சு காட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கக்கா,” என்றாள் உள்ளே ஒருத்தி. “எங்க ஆதார் கார்டெல்லாம் மேனேஜர் பீரோவுல இருக்கு.”

“எத்தனை பேர்மா?”

“இருபத்தெட்டு.”

முன்பு ஓர் ஆலையில் இப்படிக் கண்டுபிடித்தவர்களை அவசரப்பட்டு வெளியே அழைத்து வந்தாள். சாயங்காலத்துக்குள் வேன் வைத்து அவர்களை எங்கோ கடத்திவிட்டார்கள். அந்தச் சூடு இன்னும் மறக்கவில்லை.

“இது சும்மா ஒத்திகைதான், பயப்படாதீங்க. நான் போலீஸோட வர்றேன். அதுவரைக்கும் யார் கூப்பிட்டாலும் திறக்காதீங்க.”

“சரிக்கா.”

பெட்டிகளைப் பழையபடி அடுக்கிவிட்டு இறங்கினாள். படி திருப்பத்தில் மேலாளர், மூக்கில் கைக்குட்டையோடு ஏறி வந்தார்.

“இன்னும் இங்க என்ன மேடம் பண்றீங்க? வெளிய ஓடுங்க.”

“ஒத்திகை முடியட்டும் சார்.”

“எந்த ஒத்திகை? நான் இன்னும் பட்டனையே தொடல. கீழ துணி குடோன் எரியுது.”

அவர் ஒரு கணம் மாடியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். இறங்கி ஓடினார்.

அவள் மேலே ஓடினாள். புகை அவளை முந்திக்கொண்டது. பெட்டிகளைத் தள்ளினாள். கதவைக் குத்தினாள்.

“நிஜத் தீ! வெளிய வாங்க!”

தொண்டை எரிந்தது. வந்த குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. மிச்சத்தைச் சைரன் தின்றது.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. இன்னொன்று.

உதைத்தாள். நகம் பெயர்ந்தது. கதவடியில் தெரிந்த வெளிச்சமும் அணைந்தது.

குனிந்தாள். இடுக்கில் விரல்கள். வெட்டுத் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, பொறுமையாக, ஒரு சத்தமும் வெளியே கேட்காதபடி.